பெயர் சிதைந்தால் சான்று சிதையும்

ஆராய்ச்சி நூலொன்றின் தரத்தை மதிப்பிட விரும்பும் அறிஞர்கள் பலர், அதன் முதற்பக்கத்தைப் படிக்கும் முன்பே கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பார்கள். ஆசிரியர் எந்தெந்த நூல்களைப் பயின்றார், எந்தப் பதிப்பைக் கையாண்டார், யாரிடமிருந்து எதைப் பெற்றார் என்பவையெல்லாம் அங்கேதான் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். துணைநூற் பட்டியல் என்பது நூலாசிரியர் தம் அறிவுக் கடனை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டுக் கொடுக்கும் பத்திரம். அந்தப் பத்திரத்தில் கடன் கொடுத்தவரின் பெயரே தவறாக இருக்குமானால் அதனால் யாருக்கு என்ன பயன்?

இந்தப் பத்திரத்தை எழுதித் தரும் வேலையை இக்காலத்தில் கணினி மென்பொருள்கள் ஏற்றுக்கொண்டுள்ளன. நம் சமுதாயத்துப் பிள்ளைகளில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்வோர் பெருகி வருகின்றனர். அவர்களுள் பலர் இந்த மென்பொருள்களைக் கையாளுகின்றனர். இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தை ஆய்வுப் பொருளாகக் கொண்டவர்களும் அவர்களிடையே இருக்கின்றனர். எனவே இக்கருவிகளின் நிறையையும் குறையையும் எடுத்து நிறுத்துப் பார்ப்பது இலக்கியத் திறனாய்வின் எல்லைக்கு உட்பட்டதே என்று நாம் கருதுகிறோம்.

இவற்றின் வரலாறு நீண்டதன்று. கணிதமும் அறிவியலும் எழுதுவோருக்காக 1985இல் ‘பிப்டெக்’ என்னும் நிரல் தோன்றியது. அதே பத்தாண்டின் பிற்பகுதியில் ‘எண்ட்நோட்’ விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்து வரலாற்றாசிரியர்கள் 2006இல் ‘ஸோட்டேரோ’ என்னும் மென்பொருளை விலையின்றி வெளியிட்டனர். கைவசப்படுத்துதல் எனப் பொருள்தரும் அல்பேனிய வினைச்சொல் ஒன்றிலிருந்து அதன் பெயர் பிறந்தது. 2008இல் ‘மெண்டலே’ வந்தது. 2013இல் அதை எல்சவியர் என்னும் பெரும் வெளியீட்டு நிறுவனம் விலைக்கு வாங்கிக்கொண்டது.

இவை செய்யும் பணியை முதலில் நன்றியோடு சொல்லிவிட வேண்டும். ஒரு கட்டுரையை வலையில் காணும் ஆய்வாளர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆசிரியர் பெயர், தலைப்பு, இதழ், ஆண்டு, பக்கம் ஆகிய யாவும் அவருடைய கணினியில் ஓர் அட்டையாகப் பதிந்துவிடுகின்றன. எழுதும்போது வேண்டிய இடத்தில் அந்த அட்டையைச் சுட்டினால் அடிக்குறிப்பு தானே அமைகிறது. இறுதியில் பட்டியலும் தானே உருவாகிறது. இடையில் ஓர் அடிக்குறிப்பைச் சேர்த்தால் பின்னுள்ள எண்கள் அனைத்தும் தாமே மாறிக்கொள்கின்றன. ஓர் இதழ் கேட்கும் முறையில் அமைத்த பட்டியலை வேறோர் இதழ் கேட்கும் முறைக்கு மாற்றுவது ஒரு நொடி வேலை. இத்தகைய அமைப்பு முறைகள் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவை இன்று விலையின்றிக் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் ஆய்வேட்டை முடிக்கும் மாணவர் இரவு பகலாகக் கண் விழித்துக் காற்புள்ளியையும் அரைப்புள்ளியையும் திருத்திக்கொண்டிருந்தார். அந்தக் கூலிவேலையிலிருந்து அவரை விடுவித்த கருவியைப் பழிப்பது நன்றிகொன்ற செயலாகும்.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. இந்த மென்பொருள் அட்டையை அடுக்கி வைக்கும் ஏவலாளே ஒழிய, அட்டையில் எழுதியிருப்பது மெய்யா பொய்யா என்று விசாரிக்கும் நீதிபதி அன்று. தந்ததை வாங்கும், வாங்கியதை அழகுபடுத்தும். தவறான செய்தியும் அதன் கைப்பட்டுவிட்டால் சரியான செய்தியைப் போலவே புள்ளி பிசகாமல் பொலிவோடு வெளிவரும். பட்டியலின் ஒழுங்கைக் கண்டு அதன் உண்மையை நம்பிவிடும் இயல்பு நம் அனைவரிடமும் உண்டு. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

அச்சேறிய எழுத்தில் இந்த ஆபத்து எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இரண்டு சான்றுகளைக் காட்டலாம். இயற்பியலில் புகழ்பெற்ற 1973ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றை ஏறத்தாழ 4300 இடங்களில் பிறர் மேற்கோளாகக் காட்டியிருந்தனர். கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களான சிம்கினும் ராய்சௌதுரியும் அவற்றை ஆராய்ந்து 2003இல் தம் முடிவை வெளியிட்டனர். 196 இடங்களில் குறிப்பு பிழையாக இருந்தது. ஆனால் வெவ்வேறான பிழைகள் 45 மட்டுமே. பக்க எண்ணில் நேர்ந்த ஒரே பிழை 78 இடங்களில் அப்படியே திரும்ப வந்திருந்தது. ஒருவர் செய்த பிழையை மற்றவர்கள் மூலத்தைத் திறந்து பாராமல் எடுத்தெழுதினார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? மேற்கோள் காட்டியவருள் ஐந்தில் ஒருவர் அளவினரே மூலத்தைப் படித்திருக்கக்கூடும் என்பது அவர்களுடைய கணிப்பு.

இரண்டாவது சான்று இன்னும் விந்தையானது. கட்டுரையாளர்களுக்கு வழிகாட்டுவதற்காக எல்சவியர் நிறுவனம் அமைத்த மாதிரித் தாளில், நூற்குறிப்பு எப்படி அமைய வேண்டும் என்று காட்ட, இல்லாத ஒரு கட்டுரையின் பெயர் 2000ஆம் ஆண்டு வெளிவந்ததுபோல் எழுதப்பட்டிருந்தது. மாதிரித் தாளில் இருந்த அந்தக் குறிப்பை நீக்காமலே பலர் தம் கட்டுரைகளை அனுப்பிவிட்டனர். எழுதப்படாத அக்கட்டுரையை ஏறத்தாழ 400 கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருப்பதாக 2017இல் ஆன்-வில் ஹார்சிங் என்னும் பேராசிரியை எடுத்துக்காட்டினார். அண்மைக் காலத்துச் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் இத்தகைய இல்லாத சான்றுகளைக் கேட்டவுடன் ஆக்கித் தரும் திறன் படைத்தவை. அப்படிப் பெற்ற பொய்த் தீர்ப்புகளை மெய்யென்று காட்டிய நியூயார்க் வழக்கறிஞர்களுக்கு 2023இல் நீதிமன்றம் 5000 டாலர் அபராதம் விதித்தது. நம்முடைய பட்டியல் மென்பொருள், இருக்கும் நூலுக்கும் இல்லாத நூலுக்கும் ஒரே மரியாதையைத்தான் செய்யும்.

இதுவரை சொன்னது உலகப் பொதுவான குறை. இனி, நம்மைத் தனியே பாதிக்கும் குறையைக் காண்போம்.

இம்மென்பொருள்களில் ஆசிரியர் பெயரை எழுத இரண்டு பெட்டிகள் உள்ளன. ஒன்று குடும்பப் பெயருக்கு. மற்றது சொந்தப் பெயருக்கு. மேலை நாட்டார் பெயர்கள் இவ்விரு பெட்டிகளில் ஒழுங்காக அமர்கின்றன. தமிழ் முஸ்லிம்களின் பெயர்களோ வேறு மரபில் வந்தவை. தந்தை பெயரின் முதலெழுத்து முன்னே நிற்கும். தம் பெயர் பின்னே வரும். லெப்பை, மரைக்காயர், ராவுத்தர், ஆலிம், புலவர் போன்ற சொற்கள் இறுதியில் ஒட்டிக்கொள்ளும். இறுதிச் சொல்லே குடும்பப் பெயர் என்று எண்ணிக்கொள்ளும் கருவியின் கையில் இப்பெயர்கள் என்ன பாடுபடுகின்றன என்று பாருங்கள். சீறாப்புராணம் தந்த உமறுப் புலவர் ‘புலவர், உ.’ ஆகிவிடுகிறார். அக்காப்பியத்துக்கு உரை கண்ட செய்குத் தம்பிப் பாவலர் ‘பாவலர், செ. த.’ ஆகிறார். தமிழ்நாட்டில் புலவர்களுக்கும் பாவலர்களுக்கும் பஞ்சமா? அத்தனை பேரும் ஒரே வரிசையில் ஒருவர்மேல் ஒருவராக நிற்க, வேண்டியவரைத் தேடுபவர் திகைத்துப் போகிறார்.

‘அப்துல்’ என்று தொடங்கும் பெயர்களின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. அப்துல் ரகுமான் என்னும் பெயரை இரண்டாகப் பிளந்து, ‘ரகுமான், அ.’ என்று பட்டியல் அச்சிடுகிறது. அப்து என்றால் அடியான் என்பதும், ரஹ்மான் என்பது இறைவனுக்கே உரிய திருநாமம் என்பதும் நம் இல்லங்களில் குழந்தைகளும் அறிந்த செய்தி. அடியானை ஓர் எழுத்தாகச் சுருக்கிவிட்டு ஆண்டவனின் பெயரை ஆசிரியர் பெயராக நிறுத்துவது பொருட்பிழை மட்டுமன்று; அந்தப் பெயரைச் சூட்டிய பெற்றோரின் கருத்தையே அழிப்பதுமாகும்.

ஒருவரே பலராகப் பிரிந்துபோகும் கொடுமையும் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வெளியிட்ட ‘இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு’ என்னும் பெருந்தொகுதிகளை அறியாதார் இத்துறையில் இலர். அதன் ஆசிரியர்களான ம. மு. உவைஸ், பீ. மு. அஜ்மல்கான் இருவரும் ஆங்கிலப் பட்டியல்களுக்குள் புகும்போது என்ன நேர்கிறது? தமிழில் ஒரே சொல்லாக நிற்கும் அஜ்மல்கான் ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிந்தால், உலகிலுள்ள எண்ணற்ற கான்களின் கூட்டத்தில் மறைந்துவிடுவார். உவைஸ் அவர்களின் பெயரை எழுத்துக்கூட்டும் முறை ஆளுக்கொரு விதமாக இருக்குமானால், கணினி அவரை இரண்டு மூன்று மனிதர்களாக எண்ணிக்கொள்ளும். கீழக்கரையில் வாழ்ந்து 1898இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களை எடுத்துக்கொள்வோம். இமாமுல் அரூஸ் என்பதும் அவரே; செய்யிது முகம்மது ஆலிம் என்பதும் அவரே. தமிழ் ‘மாப்பிள்ளை’யும் அரபு ‘அரூஸ்’உம் ஒரே பொருளைக் குறிக்கும் சொற்கள் என்பதை நாம் அறிவோம், கணினி அறியாது. அதன் கணக்கில் அவர்கள் மூவர்.

நூல்களின் பெயர்க்கும் இதே கதிதான். சீறாப்புராணத்தை ஆங்கில எழுத்தில் எழுதுவோருள் சிலர் ‘எஸ்’ என்னும் எழுத்தில் தொடங்குகின்றனர்; தமிழ் ஒலிபெயர்ப்பு நெறியைக் கடைப்பிடிக்கும் மேலை நாட்டு ஆய்வாளர்களோ ‘சி’ என்னும் எழுத்தில் தொடங்குகின்றனர். சிலர் ஒரே சொல்லாகவும் சிலர் இரண்டாகப் பிரித்தும் எழுதுகின்றனர். இரட்டிப்பான அட்டைகளைக் கண்டுபிடிக்கும் வசதி மென்பொருளில் உண்டு. ஆனால் அது தலைப்பின் எழுத்தையும் நூலின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே தவிர, பொருளை உணர்வதன்று.

அடுத்தது ஆண்டு. நம் முன்னோர் அச்சிட்ட அரபுத் தமிழ் நூல்கள் பலவற்றின் முகப்பில் ஹிஜ்ரீ ஆண்டே காணப்படும். ஹிஜ்ரீ 1300 என்று அச்சிட்ட ஒரு கல்லச்சுக் கிதாபை மாணவர் ஒருவர் பதிகிறார் என வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கான பெட்டியில் அவர் 1300 என்று எழுதினால் கருவி அதைக் கி.பி. ஆண்டாகவே கொள்ளும். ஹிஜ்ரீ 1300 என்பது கி.பி. 1882 நவம்பரில் தொடங்கிய ஆண்டு. ஆகவே 1882இலோ 1883இலோ அச்சான நூல் ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் பின்னே தள்ளப்பட்டு, ஐரோப்பாவில் குட்டன்பர்க் அச்சுப்பொறி அமைப்பதற்கும் முன்னால் அச்சானதாகப் பட்டியலில் நிற்கும். படிப்பவர் நகைப்பார், நகைப்போடு அந்த ஆய்வின் மேல் இருந்த நம்பிக்கையையும் இழப்பார்.

இவ்வளவுக்கும் அடிப்படை ஒன்று உண்டு. ஒரு பொத்தானில் அட்டையை நிரப்பித் தரும் அந்த மாயம், நூலுக்கு உலகத் தர எண்ணும் கட்டுரைக்கு நிலையான அடையாள எண்ணும் இருக்கும் இடத்தில்தான் பலிக்கும். நூலுக்கு எண் கொடுக்கும் உலக முறை 1970இல்தான் வகுக்கப்பட்டது. 1842இல் புலவர் நாயகம் செய்கப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் சீறாப்புராணத்தை அச்சேற்றியபோது அதற்கு ஏது எண்? பழைய நூல்களை ஒளிப்படமாக எடுத்து வலையில் ஏற்றியிருக்கிறார்கள், நல்ல தொண்டு. ஆனால் படமாக மட்டும் இருக்கும் பக்கத்திலிருந்து இம்மென்பொருள் ஆசிரியர் பெயரைத் தானே படித்தெடுக்க முடிவதில்லை. ஆக, நம் இலக்கியத்தின் பெரும்பகுதி கையால் எழுதி நிரப்ப வேண்டிய பகுதியாகவே இருக்கிறது. திரும்பப் பெறப்பட்ட அறிவியல் கட்டுரையை எவராவது மேற்கோள் காட்டினால் ஸோட்டேரோ 2019 முதல் எச்சரிக்கை செய்கிறது. நம் பழம்பதிப்புகளுக்கு அப்படி எச்சரிப்பவர் எவருமில்லை. ஆய்வாளரின் கண்ணே காவல்.

‘இவையெல்லாம் சில்லறைக் குறைகள், காற்புள்ளிக்கும் பெயர்வரிசைக்கும் இத்தனை ஆரவாரமா?’ என்று சிலர் கேட்கலாம். கேட்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். இன்றைய ஆய்வுலகில் ஓர் ஆசிரியரைத் தேடுகிறவர் நூலகத்து அலமாரியை நோக்கி நடப்பதில்லை. தேடு பெட்டியில் பெயரைத் தட்டுகிறார். அங்கே தவறாகப் பதிந்த பெயர் அகப்படாது. அகப்படாத நூலை எவரும் படியார். படிக்காத நூலை எவரும் எடுத்தாளார். எடுத்தாளப்படாத ஆசிரியரை அடுத்த தலைமுறை அறியவே அறியாது. தமிழிலக்கிய வரலாறுகளில் முஸ்லிம் புலவர்களுக்கு இடம் போதாது என்று நாம் நெடுங்காலமாக முறையிட்டு வருகிறோம். அந்த முறையீட்டில் நியாயம் உண்டு. ஆனால் நம் பிள்ளைகளே தம் ஆய்வேடுகளில் அப்புலவர்களின் பெயரைச் சிதைத்துப் பதிவார்களானால், பிறரைக் குறைசொல்லும் தகுதி நமக்கு எங்ஙனம் வரும்?

குறையைத் தீர்க்க முடியாதென்று நாம் சொல்லவில்லை. கருவியை ஆக்கியவர் தம் கண்முன் கண்ட உலகுக்கேற்பப் பெட்டிகளை அமைத்தார். வேறு உலகைக் கண்டவர் வேறுவிதமாக அமைக்கலாம். ஜப்பானில் நகோயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராங்க் பென்னட் என்னும் சட்டப் பேராசிரியர், ஒரே அட்டையில் ஒரு பெயரை மூல எழுத்திலும் ஒலிபெயர்ப்பிலும் மொழிபெயர்ப்பிலும் சேர்த்துப் பதியும்படி ஸோட்டேரோவை மாற்றி ‘ஜூரிஸ்-எம்’ என்னும் மென்பொருளை உருவாக்கினார். தம் துறையின் தேவையை உணர்ந்த ஒரு தனி மனிதரால் அது இயன்றது. கணினித் துறையில் நம் இளைஞர்கள் எத்தனை ஆயிரம் பேர் பணியாற்றுகிறார்கள்! அவர்களில் ஒருவருக்கேனும் இந்த எண்ணம் உதிக்கக்கூடாதா?

அட்டைகள் யார் கையில் இருக்கின்றன என்பதையும் எண்ண வேண்டும். எண்ட்நோட்டின் அமைப்புக் கோப்புகளை ஸோட்டேரோ படித்துவிடுகிறது என்று கூறி, அப்போது எண்ட்நோட்டை நடத்திவந்த தாம்சன் ராய்ட்டர்ஸ் 2008இல் வழக்குத் தொடுத்தது. 2009இல் அது தள்ளுபடியாயிற்று. 2018இல் மெண்டலே, பயனரின் கணினியில் இருந்த அட்டைத் தொகுதியைப் பிற மென்பொருள்கள் படிக்க முடியாதபடி மறையெழுத்தில் பூட்டியது. பத்தாண்டு உழைப்பில் சேர்த்த குறிப்புகளின் சாவி வேறொருவர் மடியில் இருப்பது விவேகமன்று. எந்தக் கருவியைக் கொண்டாலும், குறிப்புகள் அனைத்தையும் எல்லாக் கருவிகளும் படிக்கக்கூடிய பொது வடிவில் ஒரு படி எடுத்துத் தனியே வைத்துக்கொள்வது நல்லது.

பட்டியல் கலை நமக்குப் புதிதன்று. பாக்தாதில் ஏடு படியெடுத்து விற்கும் தொழில் செய்த இப்னு அந்நதீம், ஹிஜ்ரீ 377இல், அதாவது கி.பி. 987 அளவில், தம் காலத்து அரபு நூல்களையெல்லாம் தொகுத்து ‘அல்ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் பட்டியலை ஆக்கினார். அவர் நூற்பெயரை மட்டும் எழுதிச் செல்லவில்லை. கவிஞர்களின் தொகுதிகள் எத்தனை ஏடுகள் கொண்டவை என்று எண்ணிச் சொன்னார். இன்னாருடைய கையெழுத்தில் தாமே பார்த்ததைப் பார்த்ததாகக் குறித்தார். அவர் பட்டியலிட்ட நூல்களுள் மிகப்பல அழிந்துவிட்டன. அவை இருந்தன என்பதற்கு அந்தப் பட்டியலே இன்று சாட்சி. ‘பார்த்தேன்’ என்ற அந்த ஒரு சொல்லை எழுதும் உரிமை மனிதனுக்கே உண்டு. எந்த மென்பொருளும் அதை அவனுக்காக எழுதிவிட முடியாது.

ஆகவே ஆய்வு மாணவர்களுக்கு நாம் சொல்ல விரும்புபவை இவை. கருவியைத் தயங்காமல் கையாளுங்கள். ஆனால் அட்டையைக் கண்ணோடு ஒப்பிடாமல் ஏற்காதீர்கள். முதலெழுத்தோடு வரும் பெயரில், முதலெழுத்தைச் சொந்தப் பெயர்ப் பெட்டியிலும், அவருடைய முழுப் பெயரைப் பிளக்காமல் குடும்பப் பெயர்ப் பெட்டியிலும் இடுங்கள். அடிக்குறிப்பிலும் பட்டியலிலும் பெயர் முழுமையாக நிற்கும். உமறுப் புலவர் போன்ற பெயர்களுக்கு ஸோட்டேரோவில் இரண்டு பெட்டியையும் ஒன்றாக்கிவிடும் வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். ஆண்டுப் பெட்டியில் கி.பி. ஆண்டை எழுதி, நூலில் கண்ட ஹிஜ்ரீ ஆண்டைக் குறிப்பில் அப்படியே பதியுங்கள். ஒருவருக்கு ஒரே எழுத்துக்கூட்டு என்று தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். அவருடைய பிற பெயர்களையும் அங்கேயே குறித்து வையுங்கள். எந்த நூலகத்தில், யார் வீட்டில் அந்த நூலைப் பார்த்தீர்கள் என்பதை எழுதுங்கள்; முகப்புப் பக்கத்தைப் படமெடுத்து அட்டையோடு இணையுங்கள். பார்க்காத நூலைப் பார்த்ததாகக் காட்டாதீர்கள்; எவர் வழியாக அறிந்தீர்களோ அவர் பெயரைச் சொல்லுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பாட்டனார் காலத்துக் கிதாபுகள் துணியில் பொதிந்து பரணில் இருக்கும் இல்லங்கள் நம் ஊர்களில் இன்னும் உள்ளன. அவற்றின் முகப்பு ஏடு முதலில் கிழியும். ஆசிரியர் பெயரும் அச்சகத்தின் பெயரும் ஆண்டும் அந்த ஏட்டில்தான் இருக்கின்றன. வீட்டில் படிக்கும் பிள்ளையை அழைத்து, அந்த முகப்பில் உள்ளதை உள்ளபடியே ஒரு தாளில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். நாளை எந்தக் கணினியில் எந்தப் பட்டியல் எழுந்தாலும் அதற்கு அந்தத் தாளே மூலமாக அமையும்.